நாயிடம் ஏதோ சரியில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

எந்தத் தொந்தரவாக இருந்தாலும் முதலில் இந்த ஐந்து நிமிடம்

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கருப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கச் சதையின் நிறத்தைப் பாருங்கள்.

அடுத்து காய்ச்சல். மூக்கைத் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெயிலில் படுத்து எழுந்த நல்ல நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். நாய்க்கென்று ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் வரை வைத்துப் பாருங்கள். 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்கு 101 என்றால் காய்ச்சல், நாய்க்கு இல்லை. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 104-ஐத் தாண்டினால் அன்றே டாக்டர்.

பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம் போல நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருந்தால் நல்லது. நான்கையும் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

கீழே உள்ள எதையும் படிக்காமல் நேராகக் கிளம்ப வேண்டியவை: ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ இருப்பது, வயிறு உப்பி, ஓங்கரித்து ஓங்கரித்து எதுவும் வெளியே வராமல் தவிப்பது (ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரம்தான் அவகாசம்), முக்கியும் சிறுநீர் வராதது, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டுவது, எலி மருந்து தின்றது தெரிந்தது. எலி மருந்து என்றால் அந்தப் பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்பதைப் பொறுத்து மாற்று மருந்து மாறும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாய்க்கு ஆபத்து. 'குழந்தைக்குக் கொடுக்கும் அளவுதானே' என்று கொடுத்து ஈரலோ குடலோ கெட்டுப்போய்ச் சாகும் நாய்கள் உண்டு.

அறிகுறி: சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது

*சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, சாப்பாடு மட்டும் வேண்டாம்*

சித்திரை, வைகாசியில் பகல் சாப்பாட்டை நாய் ஒதுக்குவது சாதாரணம். காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வைத்துப் பாருங்கள். அடுத்து, வீட்டில் யார் யார் என்னென்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க எழுதுங்கள். பாட்டி தரும் இரண்டு பிஸ்கட்டும் பிள்ளைகள் தரும் சப்பாத்தித் துண்டும் சேர்ந்தாலே 10 கிலோ நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் கணிசமான பங்கு முடிந்துவிடும். தட்டை 15 நிமிடம் வைத்து, தொடாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குத்தான் மறுபடி. சாப்பிடவில்லையே என்று ஈரலைக் கலந்து ஊட்டினால், வெறும் சோற்றை மறுத்தால் ஈரல் வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும்.

பாக்கெட் தீனியை மாற்றியிருந்தால் பழையதை ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 7 நாளில், நாளுக்குக் கொஞ்சமாக விகிதத்தை மாற்ற வேண்டும். மூட்டையைத் திறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தால் முகர்ந்து பாருங்கள். சிக்கெடுத்த எண்ணெய் வாடை நமக்கு லேசாக அடித்தாலே நாய்க்கு அது பெரிது.

*ஆசையாக வருகிறது, வாயில் எடுத்துக் கீழே போடுகிறது*

பசி இருக்கிறது, வாயில்தான் கோளாறு. டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் அண்ணத்தில், இரு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே எலும்புத் துண்டு ஒன்று குறுக்கே சட்டம் போல இறுகியிருக்கும். முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் நாய்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். நுனி தெரிந்து, நாயும் அசையாமல் நின்றால் ஸ்பூன் காம்பால் நெம்பி எடுக்கலாம். கடிக்க வந்தால் விட்டுவிடுங்கள், மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நாக்கின் அடியில் நூல் சுற்றியிருந்தால் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலில் இருக்கலாம், இழுத்தால் குடலை அறுத்துவிடும். 4 முதல் 6 மாதக் குட்டி என்றால் பால் பல் ஆடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டை ஊறவைத்துக் கொடுத்தால் போதும்.

*படுத்தே கிடக்கிறது, கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது*

நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். இப்போது உடலில் உண்ணி இல்லையே என்பது கணக்கில்லை. கடித்த உண்ணி விழுந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சலே தொடங்கும். காய்ச்சல் 103-க்கு மேல், வெளுத்த ஈறு, வயிற்றுத் தோலில் கொசு கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம்: இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் இன்னும் அவசரம்; அது ரத்த அணுக்களையே உடைக்கும் வேறு கிருமி, அதற்கு மருந்தும் வேறு.

செலவு குறைந்த சோதனை ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கூடவே தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை. கண்ணாடியில் கிருமி தெரியவில்லை என்பதால் காய்ச்சல் இல்லை என்று ஆகாது. தட்டணு குறைந்திருந்தால் டாக்டர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் டாக்சிசைக்ளின், 28 நாள். தவறு நடப்பது இங்கேதான். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடும், ஐந்தாம் நாள் மாத்திரை அட்டையை யாரும் தேடமாட்டார்கள், இரண்டு மாதத்தில் காய்ச்சல் முன்னைவிட மோசமாகத் திரும்பும். காலண்டரில் 28 கட்டத்தையும் வட்டமிட்டு, கொடுத்ததும் அடியுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து, பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறும் தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பாலில் கலக்க வேண்டாம்.

*கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதம், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது*

கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பின்பக்கம் நாற்றமடிக்கும் கசிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். கசிவு இல்லாதது அதைவிட ஆபத்து, வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தேங்குகிறது என்று பொருள். ஸ்கேன் எடுத்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். காத்திருந்து பார்க்கும் நோயல்ல இது.

அறிகுறி: பேதி, வாந்தி

முதல் கேள்வி வயது, இரண்டாவது தடுப்பூசி.

*6 வாரம் முதல் 6 மாதம் வரையிலான குட்டி, ஊசி முழுதாகப் போடவில்லை*

வாந்தி, சோர்வு, ரத்தம் கலந்த, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றமுள்ள பேதி என்றால் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மாதுளைத் தோல், மோர் என்று ஒரு நாளைக் கடத்தினால் குட்டி போய்விடும். இதில் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுவதும், குடல் வழியே ரத்தத்தில் பரவும் கிருமியும். டிரிப் ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. குட்டி கிடந்த இடத்தை 1 பங்கு பிளீச்சிங் திரவம், 30 பங்கு தண்ணீர் என்று கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். அந்த வீட்டுக்கு ஊசி முழுதாகப் போடாத புதுக் குட்டியைக் கொண்டுவரக் கூடாது.

ஊசிக் கணக்கு: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3–4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் ஆகும் வரை. ஒரு ஊசி போட்டாயிற்று என்று தெருவில் இறக்கிவிடும் குட்டிகளைத்தான் பார்வோ அதிகம் பிடிக்கிறது.

*வளர்ந்த நாய், ஓடியாடுகிறது, பேதி மட்டும்*

நேற்று என்ன தின்றது? பால்தான் அடிக்கடி மாட்டும் குற்றவாளி. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, தயிர் ஒத்துக்கொள்ளும். அடுத்தது பிரியாணி மிச்சம், குப்பைத் தொட்டி. ஒரு வேளை பட்டினி, பிறகு குழைய வேகவைத்த சோறு 2 பங்கு, தோலில்லாத வேகவைத்த கோழி 1 பங்கு. உப்பு, எண்ணெய், மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். ஒரு நாள் அளவை நான்காகப் பிரித்துக் கொடுங்கள். 10 கிலோ நாய்க்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2–3 ஸ்பூன் ஓ.ஆர்.எஸ். கரைசல். 4 மாதத்துக்குட்பட்ட குட்டிக்குப் பட்டினி கூடவே கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

48 மணி நேரத்தில் நிற்காவிட்டால், பேதியில் ரத்தம் தெரிந்தால், வாந்தியும் சேர்ந்து குடித்த தண்ணீரே தங்காவிட்டால் டாக்டர். மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள், புழு முட்டை பார்க்கலாம்.

*உப்பிய வயிறு, மெலிந்த முதுகு, மலத்தில் நூல் போலவோ அரிசி போலவோ*

குடற்புழு. எடை பார்த்து மாத்திரை. கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவை 10 கிலோவுக்கு ஒன்று, அட்டையில் சரிபாருங்கள். குட்டிக்கு 2 வார வயதில் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை 8 வாரம் வரை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒன்று. அரிசி போல ஊர்ந்தால் அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மாதாமாதம் திரும்பும்.

அறிகுறி: வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது, தள்ளாடுகிறது

இங்கே சோதனையைவிட வேகம் முக்கியம். நிழலுக்கு மாற்றுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம், கழுத்து நனைய ஊற்றிக்கொண்டே மின்விசிறியைத் திருப்புங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடவும் வேண்டாம். சிறிது நேரத்தில் துண்டே சூட்டை அடைத்து வைக்கும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். வெப்பம் 103-க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

எழுந்து நின்றாலும் டாக்டரிடம் போங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெட்டிருப்பது மறுநாள்தான் தெரியவரும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் ஹஸ்கிக்கும் காலை 7 மணிக்குப் பிந்திய நடையே வேண்டாம். புறங்கையைத் தார்ச்சாலையில் 5 விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வேகும்.

அறிகுறி: ஓயாமல் சொறிகிறது

எந்த இடத்தைச் சொறிகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

வாலடி, இடுப்பு என்றால் தெள்ளுப்பூச்சி. வெள்ளைத் துணியில் நிறுத்தி, சீப்பால் வாரி, விழும் கருப்புத் தூளில் ஈரப் பஞ்சை ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. காதோரமும் முழங்கையும் முடி கொட்டி, வீட்டில் உள்ளவர்களுக்கும் அரித்தால் ஒட்டுச் சொறி. முகத்திலும் முன்காலிலும் அரிப்பில்லாமல் முடி கொட்டிய திட்டுகள், வயது ஒன்றுக்குள் என்றால் இன்னொரு வகைச் சொறிப் பூச்சி. இவ்விரண்டையும் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும், அதனால் கடையில் கேட்டு மருந்து வாங்கித் தடவ வேண்டாம். காதை மட்டும் ஆட்டி, உள்ளே புளித்த வாடை அடித்தால் காது நோய்; பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். பாதத்தை நக்கி நக்கி முடி துரு நிறமாகியிருந்தால் ஒவ்வாமை. அது நீண்ட வேலை, டாக்டரோடு சேர்ந்துதான் தீர்க்க வேண்டும்.

நம் சோப்பு, வாரம் இரண்டு குளியல், இரண்டுமே தோலை வறட்டி அரிக்க வைக்கும். நாய் ஷாம்பூ, 2–4 வாரத்துக்கு ஒருமுறை போதும்.

*உண்ணி*

காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், காலருக்கு அடியில், வாலடி: தினமும் இந்த ஐந்து இடம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து மூன்றும் நாயையே கொல்லக்கூடியவை.

கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மாதம் ஒருமுறை. விடுவதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளியல் கூடாது. மாத்திரை என்றால் அஃபாக்சோலேனர் மாதத்துக்கு, ஃப்ளூராலேனர் 12 வாரத்துக்கு. வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை 'கொஞ்சம்தானே' என்று போடவிடாதீர்கள். கோலி இன நாய்களுக்கு அது மூளை வரை போய்ச் சாய்த்துவிடும், மற்ற நாய்களுக்கும் அளவு தப்பினால் விஷம்தான்.

மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு நாயிடம் இல்லை, சுவரில். ரத்தம் குடித்த உண்ணி கீழே விழுந்து மேலே ஏறும். படுக்கும் இடத்துக்குப் பக்கத்து விரிசல், கதவு நிலை, கூண்டின் மூலை, சாக்குப் படுக்கை இவற்றில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். விரிசலைச் சிமென்டால் அடைத்து, படுக்கையை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி, மருந்தை 3–4 மாதம் விடாமல் போட்டால்தான் சுழற்சி அறும்.

அறிகுறி: வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது

*பழகிய நாய் திடீரென்று தொடங்கினால்*

அதட்டுவதற்கு முன் அளவைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ரத்தம் கலந்து என்றால் சிறுநீர்ப்பை அழற்சியோ கல்லோ. குளம் போலத் தேங்கும் அளவுக்கு நிறைய என்றால் 24 மணி நேரத்தில் குடிக்கும் தண்ணீரை அளந்து வையுங்கள். கிலோவுக்கு 50–60 மி.லி. இயல்பு, 100-ஐத் தாண்டினால் சர்க்கரை, சிறுநீரகம் பார்க்க வேண்டும். தூக்கத்தில் தானாகக் கசிந்தால், அதுவும் கருத்தடை செய்த பெட்டை என்றால், மருந்தால் சரியாகும். கடுவன் காலைத் தூக்கிச் சோபா மூலையில் சில சொட்டு மட்டும் விட்டால் அது எல்லை குறிப்பது, நோயல்ல. யாராவது குனிந்ததும் பதுங்கி ஒழுகவிட்டால் அது பயம். அங்கே அதட்டினால் இன்னும் கூடும்.

*குட்டி*

இங்கே கோளாறு பெரும்பாலும் நம் அட்டவணையில்தான். 2 மாதக் குட்டியால் பகலில் 2–3 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 10–20 நிமிடத்தில், விளையாடி முடித்ததும், படுக்கும் முன்: இந்த நான்கு நேரமும் தப்பக் கூடாது. கழுத்தில் கயிறு மாட்டி, தினமும் ஒரே இடத்துக்கு, ஒரே சொல்லைச் சொல்லி, 5 நிமிடம் நில்லுங்கள், பேசாமல். போனால் அந்த இடத்திலேயே, 2 விநாடிக்குள் ஒரு துண்டு தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி. போகவில்லை என்றால் உள்ளே கூட்டிவந்து, கயிற்றைக் கையிலேயே பிடித்து 10 நிமிடம் வைத்திருந்து மறுபடி வெளியே.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் வாடை போகவில்லை. டைல்ஸுக்கு நடுவே உள்ள கோட்டில்தான் அது தங்கும். வினிகரும் தண்ணீரும் சம பங்கு ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். மொசைக், மார்பிள் தரையில் வினிகர் கூடாது, மெருகை அரித்துவிடும். அதற்கு என்சைம் கலந்த துப்புரவுத் திரவம். அமோனியா கலந்த திரவம் சிறுநீர் வாடையையே ஒத்திருக்கும். ஃபினாயில் வாடையை மூடுமே தவிர நீக்காது, பாதத்தில் ஒட்டி நாய் நக்கவும் செய்யும்.

மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, அடிப்பது இரண்டும் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று: இவர் முன்னால் போகக் கூடாது. அப்புறம் வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் முன் போகாது, கட்டிலுக்கு அடியில் போகும்.

அறிகுறி: குட்டி கையை, காலைக் கடிக்கிறது

3 முதல் 6 மாதம் வரை பல் முளைக்கும் ஊறல். கையை வெடுக்கென்று இழுத்தால் அது துரத்தும் விளையாட்டாகிவிடும். அசையாமல் நின்று, கடிக்க வேறொன்றைக் கொடுங்கள்: பழைய பருத்தித் துண்டை நனைத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் 2 மணி நேரம் வைத்தது ஈறுக்கு இதம். நிற்காவிட்டால் நீங்களே அறையை விட்டு அரை நிமிடம் வெளியேறுங்கள். மாலை 6 மணிக்கு மேல் மட்டும் வெறி பிடித்தது போலக் கடித்தால் தூக்கம் போதவில்லை. குட்டிக்கு நாளுக்கு 18 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

அறிகுறி: இரவெல்லாம் குரைக்கிறது

பகலெல்லாம் சங்கிலியில் கிடந்த நாய் இரவில்தான் வாழும். காலையும் மாலையும் 30 நிமிடம், மோப்பம் பிடிக்க விட்டு நடத்துங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் குரைக்கும் நேரத்தைக் குறியுங்கள். ஒரே நேரம் என்றால் பூனையோ பால் வண்டியோ, படுக்கும் இடத்தை வாசலிலிருந்து பின்பக்கம் மாற்றினால் தீரும். 10 வயதைத் தாண்டிய நாய் காரணமில்லாமல் இரவில் குரைத்து, மூலையில் முட்டி நின்றால் மூளை மூப்பு, மருந்துண்டு.

அறிகுறி: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது

முதலில் பிரித்துப் பாருங்கள். சாப்பாடு இல்லாத நேரத்திலும், தொட்ட உடனே, முன்பு இல்லாத வழக்கமாக உறுமினால் எங்கோ வலிக்கிறது. காது, பல், இடுப்பு மூன்றையும் டாக்டர் பார்க்கட்டும். குணம் அடியோடு மாறி, எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல், குரல் மாறினால் ரேபிஸாக (வெறிநோய்) இருக்கலாம், தொடவே வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த நாயோ எந்த நாயோ கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி. 10 நாள் நாயைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு மட்டும் உறுமினால் பயிற்சி போதும். தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்துப் பழக்குவது பலர் சொல்லும் வழி. அதுதான் உறுமலை வளர்க்கிறது. உடம்பை விறைத்து, வேகமாக விழுங்கத் தொடங்கும் தூரம் எது என்று பாருங்கள். 6 அடி என்றால் 7 அடியில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை, வேகவைத்த ஈரலோ கோழியோ, தட்டருகே எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். வேளைக்கு 5 முறை. நீங்கள் வந்தால் தலையைத் தூக்கி வாலாட்டத் தொடங்கிய பிறகு அரை அடி நெருங்குங்கள், அதுவும் 3 நாளுக்கு ஒருமுறை. மறுபடி விறைத்தால் பழைய தூரம். இது முடியும் வரை பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக் கூடாது. பல் ரத்தம் வரும்படி ஒருமுறை பதிந்திருந்தால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். டாக்டரிடம் காட்டி வலியில்லை என்று உறுதி செய்தபின், அடிக்காத பயிற்சியாளர் ஒருவரை வைத்துத் தொடங்குங்கள். முதல் நாளே நாய்க்கு மூச்சிறுக்கும் சங்கிலியை மாட்டச் சொல்பவர் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.